வாட்ச் காட்டிய வீடு

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி இப்போது தேவலையா? அம்மா சுகமா? நான் நலம். நீங்கள் சொன்னபடி உடற்பயிற்சிக்கு ஜிபிஎஸ் வாட்ச் வாங்கிவிட்டேன். ஓட்டம், சைக்கிள், நீச்சல் மூன்றையும் அளக்குமாம். எனக்கு நீச்சல் தெரியாதே என்றதற்குக் கடைக்காரர், "இருந்துட்டுப் போகட்டும் தம்பி" என்றார்.

நேற்று ஓடப் போய் வழி தவறிவிட்டேன், பயப்பட ஒன்றுமில்லை. வாட்ச்சில் 'வீடு' என்பதை அழுத்தியதும் அது அந்தக் கடைவாசலுக்கே கூட்டிப்போனது. வாங்கிய அன்று அவர் சோதித்துப் பார்த்த இடமே வீடாகப் பதிந்திருக்கிறது. அவர் சிரித்துவிட்டு, "உங்க வீடு எங்கனு சொல்லுங்க, மாத்தித் தரேன்" என்றார். இங்கே தங்கியிருக்கும் அறையின் முகவரியைச் சொல்ல வாயெடுத்தேன்; அது வீடில்லையே. "இருந்துட்டுப் போகட்டும்" என்றேன்.

வேர்வை துடைக்க நம் வீட்டுத் துண்டு ஒன்று அனுப்பிவையுங்கள். துவைக்க வேண்டாம். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது.

அவசரத்தில்,
உங்கள் பெரியவன்