பார்த்தவர் கையெழுத்து

மார்ச் 4
காலை முழுக்கத் துணி மடித்தேன். மூன்று வாரக் குவியல். செயற்கைக்கோள் மேலே போய் ஐந்து நாளாகிறது. அதை விண்வெளி மையத்துக் கூடத்தில் பூட்டிக் கோத்த எங்களுக்கு விடுப்பு.

நாத்தனார் டிவியிலிருந்து கண்ணெடுக்காமல் கேட்டார்: "உன் கோள் வந்தா இந்தப் படம் கட்டம் கட்டமா உடையறது நின்னுடுமா?"

"நின்னுடும் அண்ணி. சேனலும் நூறு கூடும்."

"அப்ப இந்த வீட்ல அடுப்பு எரிஞ்ச மாதிரிதான்" என்றார் என் வீட்டுக்காரர். மூன்று பேரும் சிரித்தோம்.

மூன்று மணிக்கு அலுவலகத்திலிருந்து போன். வடக்கு இறக்கை விரிந்துவிட்டது. தெற்கு இறக்கை விரியவில்லை.

மார்ச் 5
எல்லோரையும் வரச்சொல்லிவிட்டார்கள். இறக்கை என்றால் சூரிய ஒளியில் மின்சாரம் எடுக்கிற தகடுகள். ஒற்றை இறக்கையில் பாதிச் சேனல்கூட ஓடாது. இப்போது ஓடிக்கொண்டிருக்கும் பழைய கோளுக்கு ஜூன் வரைதான் எரிபொருள். அதற்குப் பிறகு மொட்டைமாடியில் டிஷ் வைத்திருக்கிற ஒவ்வொரு வீட்டிலும் திரை கறுத்துப்போகும்.

இயக்குநர் எங்கள் பக்கம் திரும்பிக் கேட்டார்: "சிவப்புப் பூட்டெல்லாம் எடுத்தாச்சா?"

தரையில் இருக்கும்போது இறக்கை தவறி விரியாமலிருக்க மாட்டுகிற பூட்டு அது. அனுப்புவதற்கு முன் கழற்றிவிட வேண்டும். ஒன்றை மறந்தாலும் இறக்கை விரியாது.

"எடுத்தாச்சு சார்" என்றார் எங்கள் கூடத்து ஃபோர்மேன் அண்ணன். நான் தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன்?

மார்ச் 6
பூட்டுத் தாளை மேசையில் விரித்தார்கள். பன்னிரண்டு வரி. எடுத்தவர் – ஃபோர்மேன். பார்த்தவர் – நான். பன்னிரண்டிலும் என் கையெழுத்து. கழற்றிய பூட்டுகள் மற்றக் கோள்களின் பூட்டுகளோடு ஒரே பெட்டியில் கலந்துவிட்டதால் எண்ணிப் பார்க்கவும் வழியில்லை.

தெற்குப் பக்கத்துப் பூட்டு ஆறையும் நான் பார்க்கவே இல்லை.

பூட்டுக் கழற்றிய அன்று வடக்குப் பக்கம் முடிந்ததும் வாசல் மேசையில் எனக்குப் போன். மகள் வகுப்பில் மயங்கி விழுந்துவிட்டாளாம். பேசிவிட்டுத் திரும்பி வருவதற்குள் தெற்குப் பக்கம் உறை போட்டு மூடியாகிவிட்டது. "முடிஞ்சுதும்மா, கையெழுத்தப் போட்டுட்டுக் கிளம்பு, பிள்ளையப் பாரு" என்றார் அண்ணன். போட்டேன். நின்றபடியே, ஆறு கையெழுத்து.

மார்ச் 7
சாப்பாட்டு டப்பாவை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தேன். கேட்டவர்களிடம் வயிறு சரியில்லை என்றேன்.

மார்ச் 9
சைக்கிள் ஸ்டாண்டில் எனக்காகக் காத்திருந்தார் ஃபோர்மேன் அண்ணன்.

"ஆறையும் என் கையாலதான் எடுத்தேன். நீ பாத்தேன்னு சொல்லிட்டா முடிஞ்சுது."

"நான் அப்ப அங்க இல்லண்ணா."

"அது உனக்கும் எனக்கும்தானே தெரியும்?"

மே மாதம் ஓய்வு பெறப்போகிறவர். இருபத்தெட்டு வருட வேலையில் ஒரு திருகாணியைக்கூடத் தொலைத்ததில்லை. அவரை நம்புகிறேனா? நம்புகிறேன். நம்புவதும் பார்த்ததும் ஒன்றா?

பூட்டு இல்லையென்றால் அந்தப் பக்கத்தை வெயிலுக்கும் நிழலுக்கும் மாற்றி மாற்றித் திருப்பிப் பார்க்கலாம், சூட்டிலும் குளிரிலும் கீல் இறுக்கம் விடலாம். பூட்டு இருந்தால் எத்தனை முறை திருப்பினாலும் எரிபொருள்தான் வீண், கோளின் ஆயுசு குறையும். என் வார்த்தையை வைத்துத்தான் முடிவு எடுக்கப்போகிறார்கள். பாத்தேன்னு எப்படிச் சொல்றது? பாக்கலன்னு எப்படிச் சொல்றது?

மார்ச் 10
விசாரணை. மூன்று பேர்.

"இது உங்க கையெழுத்தா?"

"ஆமா."

"பாத்துட்டுத்தான் போட்டீங்களா?"

தெற்குப் பக்கத்து ஆறு வரிமேல் விரலை வைத்தேன்.

"இல்ல."

வெளியே பெஞ்சில் அண்ணன். என் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டார். மாலைக்குள் இருவருக்கும் கூடத்துக்குள் நுழையத் தடை. அவரை வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள். போகும்போது, "நல்லா இரும்மா" என்றார். திட்டியிருக்கலாம்.

மார்ச் 13
"உண்மையைத்தானே சொன்ன?" என்கிறார் இவர். ஆமாம், உண்மைதான். உண்மையச் சொல்லி ஒரு மனுஷனத் திருடன் மாதிரி வீட்டுக்கு அனுப்பிட்டேன். பொய் சொன்னது அன்னைக்கு, அந்தத் தாள்ல. அப்ப ஒரு நிமிஷம் உறையத் தூக்கிப் பாத்திருந்தா? ஒரே ஒரு நிமிஷம். நான் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது மகள் எழுந்து உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள்.

இன்று அண்ணன் வீட்டுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை.

மார்ச் 17
வேறு வழியில்லை, பூட்டு இல்லையென்றே வைத்துத் திருப்பிப் பார்ப்போம் என்று இயக்குநர் முடிவெடுத்துவிட்டார். ஐந்து நாள். அதற்குமேல் எரிபொருள் செலவழிக்க முடியாது.

மார்ச் 18
இல்லை.

மார்ச் 19
இல்லை. கட்டுப்பாட்டு அறை வாசலில் நிற்கிறேன். யாரும் போகச் சொல்வதில்லை. யாரும் பேசுவதும் இல்லை.

மார்ச் 20
இல்லை.

எழுதவே கூசுகிறது. விரியாவிட்டால் நான் உண்மையைச் சொன்னது நியாயம் என்றாகிவிடும் – உள்ளே ஏதோ ஒரு மூலை அதற்காகக் காத்திருக்கிறது. லட்சம் வீடு கறுத்தாலும் பரவாயில்லை, அந்த மனுஷன் பொய்யனானாலும் பரவாயில்லை, இந்த உறுத்தல்லேருந்து நான் தப்பிச்சா போதும்னு. சீ. நானா இது?

மார்ச் 21
பகல் பதினொன்று நாற்பது. விரிந்தது.

உள்ளே கைதட்டல். யாரோ விசிலடித்தார்கள். பூட்டு இருந்தால் விரிந்திருக்கவே முடியாது. ஆக ஆறையும் எடுத்திருக்கிறார். சொன்னபடியே, தன் கையால்.

கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

ஏப்ரல் 2
உத்தரவு வந்தது. எனக்கு ஒரு வருடம் கூடத்தில் வேலை இல்லை, பொருள் கிடங்கில்தான். சரிதான்.

அண்ணனைத் திரும்ப வரச்சொல்லி ஆள் அனுப்பினார்களாம். "மிச்சமிருக்கற லீவைக் கழிச்சுக்கறேன்" என்று சொல்லிவிட்டாராம். பிரிவுபசார விழாவும் வேண்டாம் என்றாராம்.

மே 11
நேற்றோடு எல்லாச் சேனலும் புதிய கோளுக்கு மாறிவிட்டன. நாத்தனார் ரிமோட்டைக் கீழே வைப்பதில்லை.

இன்று அண்ணன் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்த அவர் மனைவி என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார். பிறகு அண்ணன் வந்தார்.

"மன்னிச்சிடுங்கண்ணா."

அவர் கதவு நிலையில் சாய்ந்துகொண்டார். "தெற்கு இறக்கை மின்சாரம் முழுசா தருதா?" என்று கேட்டார்.

"தருதுண்ணா. கணக்குப் போட்டதைவிடக் கொஞ்சம் கூடவே."

"சூடு?"

"கட்டுக்குள்ள இருக்கு."

இப்படியே கால் மணி நேரம் வாசலில் பேசிக்கொண்டிருந்தோம். உள்ளே வா என்று அவர் சொல்லவில்லை. ஆனால் அவரும் உள்ளே போகவில்லை.