ஹலினா தங்குவதற்கு ஒரு சட்டம்

ஆகஸ்ட் 10, 2025, ஞாயிறு

பத்திரிகை வாசகம் முடிவாகிவிட்டது. தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளை ஆதீஷ் வீட்டாரும் சம்மதித்துவிட்டார்கள். முதல் பத்திரிகையைத் திருப்பருத்திக்குன்றம் கோயிலில் வைக்க வேண்டும் என்றேன். அடுத்தது ஹலினாவுக்குத்தான் என்றாள் கல்யாணப் பெண், என் மகள் ஸ்ரேயா. எனக்கும் அதுதான் மனசில் இருந்தது.

ஹலினா இல்லையென்றால் இந்தக் கல்யாணமே இல்லை. உக்ரைனில், கார்கிவில் ஸ்ரேயா மூன்றாம் வருடம் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தபோது குண்டு விழ ஆரம்பித்தது. பக்கத்துக் குடியிருப்பில் இருந்த அந்த நர்ஸ் அம்மாதான் இவளையும் இன்னும் இரண்டு பெண்களையும் தன் கட்டடத்தின் நிலவறைக்கு அழைத்துப் போனாள். ஒன்பது நாள். ஏழாம் நாள் போனில் இவள் அழுதது இன்னும் காதில் இருக்கிறது. "அம்மா, உருளைக்கிழங்கு சாப்பிட்டுட்டேம்மா. வேற ஒண்ணும் இல்ல." நாங்கள் சமணர்கள்; பிறந்ததிலிருந்து கிழங்கு தொடாத பெண். எது இருக்குதோ சாப்பிடு, உயிரோடு வா என்றேன்.

ஆகஸ்ட் 12

ஹலினாவால் வர முடியாதாம்.

இப்போது அவள் அமெரிக்காவில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறாள், மகள் தாரினாவோடு. முதியோர் இல்லத்தில் வேலை. ஒரு வாரம் லீவு கிடைக்காதா என்று நான் விவரம் புரியாமல் கேட்டுவிட்டேன். ஸ்ரேயாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"லீவு இல்லம்மா பிரச்சினை. அவங்களுக்கு இருக்கறது தற்காலிக அனுமதி. வெளிய வந்தா திரும்ப உள்ள விடுவாங்களான்னு தெரியாது. அதுவும் நவம்பர் கடைசியோட முடியுது."

முடிந்தால் எங்கே போவாள்? அவர்கள் கட்டடம் இடிந்து கிடக்கும் படத்தை நானே பார்த்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஸ்ரேயா ஒரு செய்தி காட்டினாள். போரால் உக்ரைனிலிருந்து வந்தவர்கள் நிரந்தரமாகத் தங்கலாம் என்று அங்கே ஒரு மசோதா கொண்டுவந்திருக்கிறார்கள். நிறைவேறினால் ஹலினாவும் விண்ணப்பிக்கலாம். ஸ்ரேயாவின் அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, மசோதா வேறு, சட்டம் வேறு, இடையில் எத்தனை வருடம் போகுமோ என்றார். உண்மைதான். ஆனாலும் நேற்று வரை அதுவும் இல்லையே.

ஹலினா இருக்கும் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் இன்னும் ஆதரவு சொல்லவில்லையாம். முதியோர் இல்லத்தில் ஹலினாவோடு வேலை செய்பவர்கள் அவருக்குக் கடிதங்கள் சேர்க்கிறார்கள். ஹலினா போரில் என்ன செய்தாள் என்பது அவர்கள் யாருக்கும் தெரியாது. அவளாகச் சொல்லவும் மாட்டாள். "நாம எழுதலாம்மா. நீ எழுது, நான் மொழிபெயர்க்கறேன்" என்கிறாள் இவள்.

ஆகஸ்ட் 31

ஐயம்பேட்டை பள்ளியில் இருபத்தாறு வருடமாகப் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதச் சொல்லித் தருகிறேன். எனக்கே வரவில்லை. 'மதிப்பிற்குரிய ஐயா' என்று போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். என்ன நடந்தது என்று ஒழுங்காகச் சொல், அப்போதுதான் எழுத முடியும் என்று ஸ்ரேயாவைக் கேட்டேன்.

சொன்னாள். மூன்று வருடமாகச் சொல்லாதது.

நான்காம் நாள் நிலவறையில் குடிக்கத் தண்ணீர் தீர்ந்துவிட்டதாம். ஹலினா இரண்டு கேன் எடுத்துக்கொண்டு வெளியே போனாள். பக்கத்தில் குண்டு விழுந்தது. திரும்பி வந்தபோது இரண்டு கேனும் நிறைந்திருந்தன, இடது கை கிழிந்திருந்தது. பையிலிருந்து ஊசியும் நூலும் எடுத்து இவளிடம் கொடுத்திருக்கிறாள்.

"என் வாழ்க்கையில முதல் தையல் அவங்க கையிலதாம்மா போட்டேன். மரத்துப்போக மருந்து கூட இல்ல. எனக்கு எங்க குத்தறதுன்னே தெரியல. அவங்க கையை நீட்டிக்கினு, இங்க குத்து, இப்படி இழு, நீ நல்லா பண்றேன்னு எனக்குத் தைரியம் சொல்லிக்கினு இருந்தாங்க. ஏழு தையல்."

நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். என் பெண்ணுக்குத் தண்ணீர் கொண்டுவரப் போய்... நான் அங்கே இருந்திருந்தால் போயிருப்பேன், பெற்றவள். அவளுக்கு என்ன?

செப்டம்பர் 1

ஒரே மூச்சில் எழுதி முடித்தேன். தையலைப் பற்றி எழுதினேன். "உங்கள் நாட்டுச் சட்டம் எனக்குத் தெரியாது. என் மகள் உயிரோடு இருக்கிறாள், டாக்டராக இருக்கிறாள். அதற்குக் காரணமான பெண் உங்கள் ஊரில், உங்கள் பெரியவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் அங்கேயே இருக்கட்டும்" என்று முடித்தேன். ஸ்ரேயா ஒரு வரியும் மாற்றவில்லை.

செப்டம்பர் 20

பதில் இல்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

கல்யாணப் புடவை எடுக்கப் போனோம். ஹலினாவுக்கும் ஒன்று எடுத்தேன், மயில் கழுத்து நிறம். தபாலில்தான் அனுப்ப வேண்டும். கடையிலேயே அவளோடு போனில் பேசினோம். நீட்டிப்புக்கு விண்ணப்பித்து ஐந்து மாதமாகிறது, ஒரு தகவலும் இல்லையாம். பெட்டியில் துணியை மடித்துத் தயாராகவே வைத்திருக்கிறாளாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஏன்பா, அவ்ளோ பெரிய நாட்டுல ரெண்டு பேருக்கு இடம் இல்லையா? யாருடைய சோத்தை அவ தின்னுட்டா? — இதை யாரிடம் போய்ச் சொல்வது. இங்கே எழுதி வைக்கிறேன்.

நவம்பர் 18, செவ்வாய்

நீட்டிப்பு வந்துவிட்டது! ஹலினாவுக்கும் தாரினாவுக்கும் இன்னும் இரண்டு வருடம்.

இன்னொன்றும் சொன்னாள் ஸ்ரேயா. போன வாரம் ஊர்க் கூட்டத்தில் அந்த உறுப்பினர் என் கடிதத்தை வாசித்தாராம். மசோதாவுக்கு ஆதரவாகத் தன் பெயரையும் சேர்த்துவிட்டாராம். கூட வேலை செய்பவர்கள் ஹலினாவைப் பார்த்துக்கொண்டே நின்றார்களாம். அவளுக்கு வெட்கம். "உங்க அம்மா ஏன் தையலை எல்லாம் எழுதினாங்க" என்று ஸ்ரேயாவைக் கேட்டிருக்கிறாள்.

வாக்கெடுப்பு எப்போது என்று தெரியாது. நிரந்தரம் இல்லை, இரண்டு வருடம்தான். இருந்தாலும் இன்று என் வயிற்றில் பால் வார்த்தது போல இருக்கிறது. முகம் தெரியாத அந்த மனிதருக்கும் கும்பிடு போட்டேன்.

ஜனவரி 29, 2026

நேற்று கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. ஹலினா புடவையைத் தெரிந்தவரை சுற்றிக்கொண்டு போன் முன்னால் உட்கார்ந்து முழுவதும் பார்த்தாள். மாப்பிள்ளை வீட்டார் யார் அது என்று கேட்க, எல்லோரையும் உட்கார வைத்துச் சொன்னேன். பெண்ணும் மாப்பிள்ளையும் போனுக்கு முன்னால் விழுந்து கும்பிட்டார்கள்.

இன்று காலை மறுபடி பேசினாள். அங்கே நர்ஸாக வேலை பார்க்க மறுபடி படித்துத் தேற வேண்டுமாம். சேர்ந்துவிட்டாள். வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பதால் மூன்று வருடம் ஆகும்.

போனை வைத்த பிறகு கேட்டேன், "அனுமதி ரெண்டு வருஷம்தானே? தெரியாம சேர்ந்துட்டாளா?"

ஸ்ரேயா கல்யாண மாலையிலிருந்து உதிர்ந்த பூவைப் பொறுக்கிக்கொண்டே சொன்னாள்:

"தெரிஞ்சிதாம்மா சேர்ந்தாங்க."