காய்ந்த பூவின் நிறம்

ஊருக்கு மட்டும் என் கணவரா இருக்கிறவருக்கு,

வீட்டை விட்டுப் போறப்போ, பனிமலைப் பாறையில நான் ஏறிப் பறிச்சு, அழுத்திக் காயவச்சிருந்த காட்டு பிகோனியாப் பூச்செடியையும் தூக்கிட்டுப் போயிட்டீங்க. இப்போ அதைப் புது இனம்னு உங்க பேர்ல அறிவிச்சிருக்கீங்க. வெட்கமே இல்லையா?

உங்க கட்டுரையைப் படிச்சேன். இலை, தண்டு, அது மேல இருக்கிற ரோமம் எல்லாம் சரிதான். பூ மட்டும் பழுப்பு கலந்த வெள்ளையாம்! காய்ஞ்சா அப்படித்தான் ஆகும், பேராசிரியரே.

அதே செடியோட கிழங்கை நான் தொட்டியில நட்டு, அது நம்ம குளியலறை ஜன்னல்ல மூணு வருஷமா பளிச்சுனு ரோஸ் நிறத்துல பூத்துச்சு. தினமும் அது பக்கத்துல நின்னுதான் ஷேவ் பண்ணீங்க. ஒரு நாள் திரும்பிப் பார்த்திருந்தா மானம் தப்பிச்சிருக்கும்.

உங்க கட்டுரை வந்த பத்திரிகைக்கு மறுப்பும், அப்போ நான் எடுத்த போட்டோவும் அனுப்பியாச்சு. போட்டோவுல பூவுக்குப் பின்னாடி, கண்ணாடியில சோப்பு நுரையோட உங்க மூஞ்சி தெரியுது. அதை வெட்டாமலேயே அனுப்பினேன்.

பாறையில முட்டியைப் பேத்துக்கிட்டவள்