மஞ்சள் முடிச்சு

15-9-87, செவ்வாய்
டாக்டர் அரங்கநாதன் மச்சினன் கல்யாணத்துக்கு மெட்ராஸ் போயிருக்கிறார். "ரெண்டு நாள் சமாளிச்சுக்கோங்க கமலா சிஸ்டர்" என்றார். இந்த நர்சிங் ஹோமில் நான் சமாளிக்காத நாள் எது? திரும்பும்போது டிரிப்ஸ் ஊசி வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன். ஸ்டாக் தீரப்போகிறது.

17-9-87, வியாழன்
சாலை மறியல் தொடங்கிவிட்டது. ரோடு நெடுகப் புளியமரங்களை வெட்டிப் போட்டிருக்கிறார்களாம். டாக்டர் உளுந்தூர்பேட்டையில் மாட்டிக்கொண்டார். போனில் அவ்வளவு சொல்வதற்குள் லைன் போய்விட்டது. மரத்தை வெட்டி ரோட்டில் போட்டால் நோயாளி எப்படி வருவான் என்று நான் கத்த, வார்டு கூட்டும் காசிம் பீவி சொன்னாள்: "எதுர் வூட்டுப் புள்ள பி.ஏ. படிச்சிட்டு கரும்பு வெட்டிக்கினு கீதும்மா. எடஒதுக்கீடு கேக்காம இன்னா பண்ணும்?" போய் பாட்டில்களை எண்ணினேன்.

18-9-87, வெள்ளி
கல்வராயன் மலையிலிருந்து ஒருத்தியைப் போர்வையில் கட்டித் தூக்கி வந்தார்கள். பஸ் ஏது? பெயர் சின்னப்பொண்ணு. கடுக்காய் பொறுக்குகிறவள். இரண்டு நாளாக வாந்தி, பேதி. கண் உள்ளே போய்விட்டது, நாக்கு காய்ந்து கிடக்கிறது. வாயில் ஊற்றியது எல்லாம் திரும்பி வருகிறது. நரம்பு வழியாக ஏற்றினால்தான் பிழைப்பாள்.

நரம்புகள் எல்லாம் வற்றிப் போயிருந்தன. வலது புறங்கையில் ஒன்று கிடைத்தது. குத்தினேன், ரத்தம் வந்தது, உயிர் வந்தது – எனக்கு. எங்கள் வழக்கப்படி கைக்கு அடியில் அட்டை வைத்து, அசையாமல் விரல் நுனிவரை பேண்டேஜ் சுற்றினேன். புருஷன் பொன்னுரங்கம் பாட்டிலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். சாப்பிடச் சொன்னால் தலையை மட்டும் ஆட்டுகிறான்.

19-9-87, சனி
எழுதினால்தான் மனசு ஆறும்.

காலையில் டிரிப்ஸ் சொட்டுவது குறைந்துகொண்டே வந்தது. ஸ்டாண்டை உயர்த்தினேன், பயனில்லை. குளிருக்குப் போர்த்தியிருந்தார்கள். போர்வையை விலக்கினால் – ஐயோ, முழங்கை வரை கை கொழுக்கட்டை மாதிரி. தொட்டால் சில்லென்று, விறைப்பாக. முழங்கைக்கு மேலே மஞ்சள் துணியில் காசு முடிந்து, இறுக்கக் கட்டியிருக்கிறது!

"யார் கட்டினது?"

"நாந்தாங்க. மருந்து ஏர்ற கைன்னு சாமிக்கு நேந்துக்கினு கட்டினேன்." பிறகு ஒரு சந்தோஷத்தோடு சொன்னான்: "கை நல்லா நெறஞ்சி வருதுங்க. தண்ணி உள்ள ஏறிக்கினு கீது."

இவனிடம் என்னத்தைக் கோபித்துக்கொள்வது? ராத்திரியெல்லாம் அந்தக் கை நிறைவதைப் பார்த்து நிம்மதியாக இருந்திருக்கிறான். மேலே கட்டு இறுக்க, தண்ணீர் நரம்புக்கு வெளியே கசிந்து சதையில் தேங்கியிருக்கிறது. முதல் வீக்கத்தைக் காட்டியிருக்க வேண்டிய இடத்தை என் பேண்டேஜ் மூடி வைத்திருந்தது.

பேண்டேஜை அவிழ்த்து ஊசியைப் பிடுங்கினேன். கத்தரிக்கோலை எடுத்ததும் பொன்னுரங்கம் குறுக்கே விழுந்தான். "வெட்டாதீங்க! நேர்ந்தத அறுத்தா அவ போயிடுவா!" விரல் நுனிகள் நீலம் பாரித்துக்கொண்டிருந்தன. எனக்கும் அழுகை வந்துவிட்டது.

"அறுக்கல. நீயே அவிழுய்யா. அவிழ்த்து இந்த ஸ்டாண்டுல கட்டு. மருந்து இங்கிருந்துதானே இறங்குது? சாமி மொதல்ல பாட்டிலப் பாக்கட்டும்."

பாட்டிலை ஒருமுறை அண்ணாந்து பார்த்தான். பிறகு அவிழ்த்தான்.

கழற்றிய ஊசியில் ரத்தம் கட்டி அடைத்துவிட்டது. புது ஊசி ஒன்றே ஒன்றுதான். இடது கையைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டு, வெந்நீர்த் துணி சுற்றிக் காத்திருந்தேன். நீலமாக ஒரு நூல் தெரிந்தது. தவறினால் அடுத்தது கிடையாது. காசிம் பீவி வாய்க்குள் ஓதிக்கொண்டே விளக்கைப் பிடித்தாள்.

ஏறிவிட்டது. சொட்டு விழுகிறது.

இந்த முறை பேண்டேஜ் இல்லை. பிளாஸ்திரி மட்டும், ஊசி இறங்கிய இடம் கண்ணுக்குத் தெரியும்படி. பொன்னுரங்கத்தின் விரலைப் பிடித்து அங்கே வைத்துக் காட்டினேன். உப்பினாலோ, சில்லென்று ஆனாலோ, சிவந்து சுட்டாலோ உடனே என்னைக் கூப்பிட வேண்டும். "கை நெறையக் கூடாதுய்யா. உடம்புதான் நெறையணும்."

20-9-87, ஞாயிறு
சின்னப்பொண்ணு மூத்திரம் போனாள். இதற்கு இவ்வளவு சந்தோஷப்படுகிறவள் நர்ஸாகத்தான் இருப்பாள்.

21-9-87, திங்கள்
கஞ்சி தங்குகிறது. உயிருக்குப் பயமில்லை. ஆனால் வலது கை – தலையணை மேல் தூக்கி வைத்தும் வீக்கம் பாதிதான் வடிந்திருக்கிறது. விரல் மடங்கவில்லை. "மரத்துப் போச்சுக்கா" என்கிறாள். கடுக்காய் பொறுக்குகிற கை. பொன்னுரங்கம் அந்த விரல்களை நீவிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறான். அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

24-9-87, வியாழன்
ரோடு திறந்து டாக்டர் வந்துவிட்டார். கையைப் பார்த்தார். "விரல மடக்குற நரம்பு நசுங்கியிருக்கு. பலம் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம்" என்றார். ஸ்டாண்டில் இருந்த துணியைப் பார்த்து, "இது என்ன கோயிலா?" என்றார். கதையைச் சொன்னேன். "இனிமே யாருக்கும் ஊசி எடத்த மூடாதீங்க" என்று மட்டும் சொன்னார்.

கிளம்பும்போது பொன்னுரங்கம் முடிச்சைத் தொடவில்லை. "கை வரட்டுங்க. அப்பால அவுத்துக்கினு போறேன்."

11-11-87, புதன்
வார்டில் நல்ல கூட்டம். ஸ்டாண்டில் இப்போது நாலைந்து முடிச்சுகள். ஒன்று காசிம் பீவி கட்டிய தர்காக் கயிறு. சோப்புப் போட்டு அலசாத துணியைக் கட்டினால் பிய்த்து எறிவேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். யாரும் கையில் கட்டுவதில்லை.

மத்தியானம் ஒரு நோயாளிக்கு டிரிப்ஸ் மாற்றிக்கொண்டிருந்தேன். வாசலில் சின்னப்பொண்ணும் பொன்னுரங்கமும். மடியில் கொஞ்சம் கடுக்காய், எனக்காம். நேர்த்திக்கடன் செலுத்தப் போகிறார்களாம். முடிச்சை அவிழ்க்க அவன் கையை நீட்டினான்.

"நீ இரு" என்றாள் அவள்.

மழைக்காலத்து ஈரத்தில் முடிச்சு நன்றாக இறுகியிருந்தது. வலது கை விரல்களால் மெதுவாக, நகத்தைக் கொடுத்து நெம்பி, அவளே அவிழ்த்தாள்.