நேற்று வந்தது வலிப்பு இல்லை

என்னங்க,

முதல் ஷிப்ட் பஸ் வந்துவிடும். களி குண்டானில் இருக்கிறது, கீரைக் கடைசல் சட்டியில்.

நேற்று நீங்கள், "அக்கா ஒரு மாசம் இங்கயே இருக்கட்டுமா?" என்று கேட்டதும் நான் பேசாமல் உங்களையே பார்த்தேன். உடனே வலிப்பு என்று சாவிக்கொத்தை என் கையில் திணித்தீர்கள். பக்கத்து வீட்டு சாந்தம்மா வேறு அரிவாள்மனையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். அது வலிப்பு இல்லை, கோபம்.

டாக்டர் சொன்னதை மறுபடி எழுதுகிறேன். எனக்கு வருவது இரண்டு வகை. ஒன்றில் வெறித்துப் பார்ப்பேன். கூப்பிட்டால் கேட்காது, சில விநாடியில் தானே சரியாகும். கூட இருந்தால் போதும். இன்னொன்றில் கைகால் வெட்டி இழுக்கும். ஒருக்களித்துப் படுக்க வைத்துக் கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108. வாயில் எதுவும் வைக்கக் கூடாது. இரண்டுக்கும் மருந்து மாத்திரைதான், இரும்பு இல்லை. காலை மாத்திரை போட்டுவிட்டேன்.

கோபத்தில் பார்க்கும்போது எனக்கு எல்லாம் நன்றாகக் கேட்கும். 'ஒரு மாசம்' என்றதும் கேட்டது.

உங்கள் அக்கா வரட்டும். பத்து நாள்.

பிரவீனா

பி.கு: போன மாதம் நிஜமாகவே இழுத்தபோது, பயத்தில் விநாடிகளை உங்கள் வீட்டுத் தெலுங்கில் எண்ணிக்கொண்டிருந்தீர்களே, கண் விழிக்கையில் அதுதான் முதலில் காதில் விழுந்தது. அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று: வண்டிச் சாவியைத் தேட வேண்டாம். நீங்கள் என் கையில் திணித்த கொத்து என் பையில் பத்திரமாக இருக்கிறது. அக்காவைச் சூளகிரியிலிருந்து பஸ்ஸில் கூட்டி வாருங்கள்.