பேப்பர் திணித்த பூட்ஸ்

என்னங்க,

கிம்ச்சிக் குழம்பு அடுப்பில் இருக்கிறது. உங்கள் வேலை பூட்ஸைத் தேடாதீர்கள், நான் எடுத்துப் போகிறேன்.

கீழ்வீட்டு பொங்சுன் அக்காவை விடாமல் பிடித்து என்ன நடந்ததென்று கேட்டேன். கப்பல் கட்டும் தளத்தில் அவள் புருஷன் ஏணியிலிருந்து விழுந்து செத்தபோது, ஒரு பூட்ஸ் மட்டும் காலிலிருந்து கழன்று மேலே ஏணிப்படியிலேயே மாட்டி நின்றதாம். "லூஸா இருந்தா பேப்பர் திணிச்சா போச்சுன்னு சொன்ன மனுசன்டி" என்று அழுதாள். வந்து உங்கள் பூட்ஸைக் கவிழ்த்தேன். பேப்பர் கொட்டியது.

பெண்டாட்டி பூட்ஸ் வாங்கித் தந்தால் புருஷன் ஓடிப்போவான் என்று ஊர் நம்பிக்கையைச் சொல்லிச் சண்டை பிடித்தீர்களே, ஓடுங்கள். கால் இருக்கும்போதே ஓடுங்கள்.

சாயங்காலம் பூட்ஸ் கடைக்கு வாருங்கள்; கால் வீங்கும் நேரத்தில்தான் சரியான அளவு தெரியும். தடித்த காலுறை போட்டு வாருங்கள்.

பி.கு.: செத்தவர் போட்டுக்கொண்டு கிளம்பட்டும் என்று அவர் பூட்ஸைத் துடைத்து, முனை வெளியே பார்த்தபடி வாசலில் வைத்திருக்கிறாள் அக்கா. தாண்டும்போது நிற்காதீர்கள்.