யாசீனில் என்ன சொல்லுது

ஜனவரி 6, காயல்பட்டணம்

காலையிலிருந்து தூறல். பெட்டி கட்டியாயிற்று: ஸ்வெட்டர் 2, மாசிக் கருவாட்டுப் பொடி, ஊறுகாய், குர்ஆன், இந்த நோட்டு. கண்ணாடியை மறந்து மறுபடி திறந்தேன். மதியம் மருமகன் காரில் தூத்துக்குடி விமான நிலையம். மூன்று மாதம் கெய்ரோவில் அரபி படிக்கப் போகிறேன், ஐம்பத்தோரு வயதில்.

கூடப்பிறந்த ராத்தாவுக்கு இன்னும் கோபம். "அஞ்சு வயசுலருந்து ஓதுதே. இன்னும் என்னளா படிப்பு?"

ஓதத் தெரியும், அர்த்தம் தெரியாது. மச்சானோடு முப்பது வருஷக் குடித்தனம். கடைசியாகப் படுத்திருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து குர்ஆனிலிருந்து யாசீன் அத்தியாயம் ஓதினேன். "இதுல என்ன சொல்லுது? எனக்குச் சொல்லுளா" என்றார். தெரியாது என்று சொல்ல வெட்கம். காதில் விழாதது போல ஓதிக்கொண்டே இருந்தேன். அன்று மாலை போய்விட்டார்.

பிறகு குர்ஆனின் தமிழ் மொழிபெயர்ப்பு, தர்ஜுமா, வாங்கிப் படித்தேன். மனசு ஆறவில்லை. என் வாய் சொல்வது என் காதுக்கே புரிய வேண்டும்.

ஜன. 9, கெய்ரோ

குளிர். கால் விறைக்கிறது. வீட்டுக்காரி உம்மு ஹஸன், என் வயது, என்னைப் போல் அவளும் மாப்பிள்ளையை இழந்த கைம்பெண். எனக்கு மாடியில் அறை. பேச்சு எல்லாம் போன் மொழிபெயர்ப்பில். மாசிப் பொடியை மோந்து பார்த்துவிட்டு எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தாள்.

ஜன. 11

பள்ளியில் சேர்க்கைத் தேர்வு. டீச்சரம்மா ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னார். காயல் பொம்பளைக்கு இது ஒரு காரியமா, கடகடவென்று வாசித்தேன். மாஷா அல்லாஹ் என்று நாலாம் வகுப்பில் போட்டுவிட்டார். ஒரு சொல்கூடப் புரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. மறுபடியும் அதே வெட்கம்.

ஜன. 15

நாலு நாளாகத் தலையாட்டல். மற்றவர்கள் சிரித்தால் நானும் சிரிப்பு. வீட்டு ஆள் ஒருவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வர வேண்டுமாம். அரபியில் எனக்கு என்ன எழுத வரும்? என் உம்மா அந்தக் காலத்தில் அரபுத் தமிழில் கடிதம் எழுதுகிற மாதிரி எழுதினேன். எழுத்து அரபு, பேச்சு நம் தமிழ். மச்சானுக்கே எழுதுகிறாற்போல் ஆகிவிட்டது. டீச்சரிடம் இதை எப்படிக் கொடுக்க? நோட்டுக்குள் மடித்து வைத்தேன்.

ஜன. 16

போன் வழியாக டீச்சரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். திட்டவில்லை. இனி முதல் வகுப்பு. வீடு, கதவு, தண்ணீர். சொன்னான், சொன்னாள், சொன்னேன். பெரிய நிம்மதி. வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

ஜன. 29

நல்ல வெயில். உம்மு ஹஸனோடு மொட்டை மாடியில் பட்டாணி உரித்தேன். நோட்டிலிருந்து அந்தக் காகிதம் விழுந்தது. அரபு எழுத்தைப் பார்த்ததும் எடுத்து வைத்துக்கொண்டு உரக்க வாசிக்க ஆரம்பித்தாள். தமிழ் ஓசைக்காக நம்மூரில் புள்ளி கூட்டிய அரபு எழுத்துகளில் மட்டும் தடுக்கினாள். ஒரு சொல்லும் புரியாமல், கடைச் சிட்டையை வாசிக்கிறாற்போல் சிரித்த முகம்.

"நீங்க போனதுக்கப்புறம் மீன் ஆணம் ஆக்குறதே இல்ல மச்சான். அன்னைக்குக் கேட்டீங்களே, எனக்குத் தெரியாதுன்னு சொல்லியிருக்கலாம். மன்னிச்சுக்கிடுங்க."

அழுதுவிட்டேன். அடக்க முடியவில்லை. மடியிலிருந்த பட்டாணி எல்லாம் தரையில். அவள் பதறிக் காகிதத்தைப் போட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ கேட்டாள். போன் கீழே அடுப்படியில் கிடந்தது. தேவைப்படவில்லை. எனக்கு முழுசாகப் புரிந்த முதல் அரபு வாக்கியம், அவள் கேட்டதுதான்:

"நான் என்ன சொன்னேன்?"